மூன்றாம் பத்தியைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை நேற்று இரவு ஒரு முறை படித்தேன். இன்று காலை திருப்பலி முடிந்து வந்ததும் மறுபடி படித்தேன். வாசகர்களே எழுதலாம் என்று அந்தக் கத்தோலிக்க இதழ் அழைத்ததும், எல்லாரும் தயங்குகிற சமயத்தையும் அரசியலையும் எடுத்துக்கொண்டாயே, அதில் எனக்குப் பெருமைதான். அம்மாவுக்குக் கொஞ்சம் கவலை. “இதையெல்லாம் சாமியார்கள் எழுதட்டுமே, இவளுக்கு எதற்கு?” என்றாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

இது சாமியார்களைவிட நீ எழுத வேண்டிய விஷயம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 212ஆம் சட்டத்தைப் படித்துப் பார். திருச்சபையின் நன்மை பற்றிய தங்கள் கருத்தை ஆயர்களிடமும் மற்ற விசுவாசிகளிடமும் சொல்ல இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையாகவும் ஆகிறது என்கிறது. அறிவுக்கும் தகுதிக்கும் தக்கபடி சொல்ல வேண்டும், ஆயர்கள் மீதுள்ள மரியாதையும் மனிதரின் மாண்பும் குறையாமல் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. குருக்களுக்கோ கட்சி அரசியலில் முனைந்து இறங்கப் பொதுவாக அனுமதி இல்லை. அது 287ஆம் சட்டம். ஆகவே சட்டம் இயற்றுவது, வாக்களிப்பது, கூலி, வரி என்று வரும்போது பேச வேண்டியவர்கள் நம்மைப் போன்ற பொதுநிலையினர். அம்மா கேட்டுக்கொண்டாள். கவலை மட்டும் போகவில்லை.

கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளும் நன்றாக இருக்கின்றன. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலிலிருந்து தொடங்கியது சரியான இடம். தொழிலாளியும் முதலாளியும் மனமொத்துப் பேசி முடித்த கூலியாகவே இருந்தாலும், அந்தப் பேச்சுக்கும் முந்திய ஒரு நீதி இருக்கிறது. சிக்கனமாக வாழும் ஒருவருக்கு வயிற்றுப்பாட்டுக்குக்கூடப் போதாத கூலி நியாயமாகாது என்று அவர் சொன்னதை நீ எளிமையாக எடுத்து வைத்திருக்கிறாய். யாக்கோபு திருமுகத்தில் வயலில் அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் இடத்தையும் சேர்த்திருக்கலாம். அது உன் விருப்பம்.

என் சங்கடம் மூன்றாம் பத்தியில்தான். “ஆகவே குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர் உண்மையான கத்தோலிக்கராக இருக்க முடியாது” என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘ஆகவே’ என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு தூரத்தைத் தாண்டிவிட்டாய், பார்த்தாயா அம்மா? நியாயமான கூலி தர வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. அதில் ஐயமில்லை. ஆனால் அதை இந்தச் சட்டத்தால், இந்தத் தொகையால், இந்த ஆண்டே செய்ய வேண்டும் என்பது உன்னுடைய கணிப்பு. நாலு பேரை வைத்துச் சின்னப் பட்டறை நடத்துகிறவர் ஒருவர் உனக்குப் பக்கத்திலேயே முழந்தாளிட்டுச் செபிக்கக்கூடும். இந்தச் சட்டம் வந்தால் நாலு பேரில் இருவரை அனுப்ப வேண்டி வருமே என்று அவர் இரவெல்லாம் தூங்காமல் இருக்கலாம். அவர் கணக்குத் தப்பாகக்கூட இருக்கலாம். அப்படியானால் அந்தத் தப்பை எடுத்துக் காட்டு. அவருடைய ஞானஸ்நானத்தின் மேல் ஏன் கை வைக்கிறாய்?

இது நானாகச் சொல்வதில்லை. உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 43ஆம் எண்ணை எடுத்துப் படி. ஒரே விசுவாசம் உள்ளவர்கள், சமமான நேர்மையோடு, ஒரே விஷயத்தில் வெவ்வேறு முடிவுக்கு வருவது அடிக்கடி நடக்கும். அப்போது எவரும் திருச்சபையின் அதிகாரத்தைத் தம் கருத்துக்கு மட்டுமே உரியதாக்கிக் கொள்ளக் கூடாது என்று அங்கே இருக்கிறது. எல்லாச் சிக்கலுக்கும் சாமியாரிடம் தயாராகப் பதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்பதும் அதே இடத்தில்தான்.

இதை வைத்து எல்லாவற்றையும் ‘அவரவர் கருத்து’ என்று மழுப்பிவிடவும் வேண்டாம். அதே ஏட்டின் 27ஆம் எண்ணில் இனப்படுகொலை, கருக்கலைப்பு, சித்திரவதை, அடிமைத்தனம், மனிதரை வெறும் கருவியாக நடத்தும் வேலை நிலைமைகள் என்று ஒரு வரிசை வருகிறது. அங்கே குரல் தாழ வேண்டிய தேவை இல்லை. நெதர்லாந்து நாட்டுக் கார்மேல் சபைக் குரு தீத்தூஸ் பிராண்ட்ஸ்மாவை நினைத்துக்கொள். நாஜிகள் பிடித்துவைத்திருந்த நாட்டில், அவர்களுடைய கட்சி விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் போடக் கூடாது என்ற ஆயர்களின் முடிவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியராக நேரில் பார்க்கப் புறப்பட்டார். 1942 ஜனவரியில் பிடித்தார்கள். ஜூலை 26 அன்று டாக்காவ் என்ற நாஜி வதைமுகாமில் கொன்றார்கள். 2022இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவருக்கு முன் இருந்தது ‘இரண்டு தரப்பும் யோசிக்க வேண்டிய’ கேள்வி அன்று. உன் முன் இருப்பதோ இரண்டு தரப்பும் யோசிக்க வேண்டிய கேள்விதான். எது எந்த வகை என்று பிரித்தறிவதிலேயே இந்த எழுத்தின் பாதி வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. உனக்கு இதுவரை சொன்னதில்லை. உன் வயதில் நானும் ஒரு சிற்றிதழுக்கு வாசகர் கட்டுரை எழுதினேன். தேர்தல் நேரம். “இந்தக் கூட்டணிக்கு வாக்களிப்பவர்கள் நற்கருணை வாங்க வரும்முன் யோசிக்கட்டும்” என்று ஒரு வரி. எழுதியபோது அந்த வரிதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று ஏழெட்டு ஆண்டுகளாகப் பாடியவர், அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். “என்னையா எழுதினாய்?” என்றார். “பொதுவாக எழுதினேன்” என்றேன். “நான் அவர்களுக்குத்தான் போடப் போகிறேன். ஏன் என்று நீ ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே” என்றார். அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுபடி பாட வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டும் பாட்டு நடுவே என் இடப்பக்கம் வெறுமையாக இருந்தது எனக்கு இன்றும் உறைக்கிறது.

பிறர் சொல்வதைக் கண்டிப்பதைவிட அதற்கு நல்ல பொருள் காண்பதில் முந்த வேண்டும் என்று புனித இஞ்ஞாசியார் சொன்னதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2478ஆம் எண்ணில் எடுத்துப் போட்டிருக்கிறது. பொருள் புலப்படாவிட்டால் அவரிடமே கேள், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அன்போடு திருத்து என்றும் அங்கே வருகிறது. நான் அந்த முதல் படியையே ஏறவில்லை.

மற்றவை சின்னத் திருத்தங்கள். திருத்தந்தை சொன்னதாக நீ போட்டிருக்கும் இரண்டாவது மேற்கோளை மூல ஏட்டில் பார்த்து, எண்ணையும் குறி. விமானத்தில் செய்தியாளர் கேட்டதற்குச் சொன்ன பதிலும் சுற்றுமடலும் ஒரே எடை உள்ளவை ஆகா. ஆசிரியர் வெட்டினால் வருத்தப்படாதே. தலைப்பை மாற்றினால் மட்டும் உன் கருத்து மாறிவிட்டதா என்று பார்த்துக் கேள். கத்தோலிக்க எழுத்தாளர்களுக்கு 1923இல் பாதுகாவலராகக் கொடுக்கப்பட்ட புனித பிரான்சிஸ் சலேசியார், தம் மறையுரையைக் கேட்க வராதவர்களின் வீட்டுக் கதவுக்கு அடியில் எழுதிய தாள்களைச் செருகிவிட்டுப் போவாராம். மூன்றாம் பத்தியைத் திருத்தும்போது, அந்தக் கதவுக்குப் பின்னால் பட்டறைக்காரர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்.

அனுப்ப இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்றாயே, திருத்தியதும் முதலில் எனக்கு அனுப்பு. பாடகர் குழு நண்பர் இப்போதும் ஞாயிறு மாலை வீட்டுக்கு வருகிறார். உன் சட்டத்துக்கு அவர் எதிர்ப்புதான். கண் சரியாகத் தெரிவதில்லை, அதனால் நானே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று அன்றிரவே எழுதுகிறேன்.

செபங்களுடன்,
அப்பா