பென் டிரைவ் வேண்டாம், வழிகாட்ட ஒருவர் வேண்டும்

மதுரை வட்டாரத்தில் நோயாளர் பதிவுகளைப் பராமரிக்கும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். சிறுநீரக நோயாளிகள் டயாலிசிஸ் சிகிச்சையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதை ஆராய்வதற்காக, இங்குள்ள ஒரு நிறுவனத்திடம் பழைய பதிவுகளைக் கேட்டு விண்ணப்பித்தேன். மருத்துவ ஆவணப் பிரிவு, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கேட்டது. குழுவோ, எந்தெந்த விவரங்கள் கிடைக்கும் என்று ஆவணப் பிரிவிடம் எழுதி வாங்கி வரச் சொன்னது. பதினோராவது மாதத்தில், என் அலைச்சலைக் கண்டு மனமிரங்கிய ஊழியர் ஒருவர் பென் டிரைவ் ஒன்றை நீட்டினார். அங்கேயே கணினியில் செருகிப் பார்த்தோம்: முதல் வரியிலேயே பெயர், கைப்பேசி எண், தெரு. வாங்காமல் திரும்பினேன். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முறையான வழி அடைபட்டிருந்ததால்தான் அவர் கொல்லைப்புறக் கதவைத் திறந்தார்.

பெயரை அழித்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. சேடபட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரும், முப்பத்து நான்கு வயது, வாரம் இருமுறை டயாலிசிஸ் என்பதும் சேர்ந்து ஒரே வரியில் இருந்தால், அது யார் என்பதை அவ்வூர் டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

சட்டம் ஆய்வைத் தடுக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எந்தத் தனிநபரைப் பற்றியும் முடிவெடுக்கப் பயன்படாத, உரிய தரநிலைகளுக்கு உட்பட்ட ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது. அடையாளம் நீக்கிய பதிவுகளுக்கு நோயாளியின் ஒப்புதல் தேவையில்லை என முடிவுசெய்யும் அதிகாரத்தை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் நெறிமுறைக் குழுவிடமே விட்டிருக்கின்றன. பதிவுகளைக் காத்துக்கொண்டே ஆய்வுக்குத் திறக்க முன்மாதிரியும் உண்டு. நோயாளர் பதிவுகளை அடையாளம் நீக்கிச் சேர்த்துவைக்கும், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் செயில் (SAIL) தரவு வங்கியிலிருந்து பதிவுகள் வெளியே போவதில்லை. அனுமதி பெற்ற ஆய்வாளர்தான் காவலுள்ள கணினிச் சூழலுக்குள் வந்து வேலை செய்கிறார், முடிவு அட்டவணைகளும் சரிபார்க்கப்பட்ட பிறகே வெளிவருகின்றன.

அவ்வளவு பெரிய அமைப்பை நாளைக்கே நிறுவுமாறு கேட்கவில்லை. எந்தப் பதிவு எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, எந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது, எந்தப் படிவத்தை முதலில் தர வேண்டும் என்பவற்றைச் சொல்லவும், ஊர்ப்பெயர் எதற்கு, வட்டம் போதாதா என்று எங்களை மடக்கிக் கேட்கவும் பொறுப்பான ஒருவரை அமர்த்துங்கள். ஆய்வாளர்களிடமும் தவறு இருக்கிறது. நானே என் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைக் கேட்டிருந்தேன். எதற்கென்று எவரேனும் வினவியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இப்போது அதை அடித்துவிட்டு, வயதுப் பிரிவு என்று மட்டும் எழுதியிருக்கிறேன். திருத்திய விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமுதாய மருத்துவ ஆய்வாளர் ஒருவர், மதுரை