கியர்பாக்ஸை மாற்றியும் சூடு குறையவில்லை: உங்கள் சர்வீஸ் சென்டர் மீது புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைமை மேலாளர் அவர்களுக்கு

பொருள்: பழைய டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடாவதற்குக் காரணம் பார்க்காமல் கியர்பாக்ஸையே மாற்றியது, மாற்றிய பிறகும் அதே சூடு, அதற்கப்புறம் நடந்த அலைக்கழிப்பு.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்த வண்டியைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை எழுதிவிட்டேன், போனிலும் பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதுப் புகார் எண் தருகிறீர்கள், முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். ஜாப் கார்டுகள் அனைத்தும் உங்கள் கணினியில் இருக்கின்றன. வண்டி எந்த மாடல், எவ்வளவு ஓடியது என்பதை மறுபடியும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

லோடு ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் மெதுவாகப் போனால் கியர்பாக்ஸ் சூடு விளக்கு எரிகிறது. சமதளத்தில் காலியாக ஓடினால் எரிவதில்லை. முதல் முறை வண்டியை விட்டபோதே இதை உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் தெளிவாகச் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது ‘கியர்பாக்ஸ் சூடு, செக்’ என்பது மட்டும்தான். ஏற்றம், லோடு, மெதுவான வேகம் எதுவும் அதில் இல்லை. எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை. அதை விட்டுவிட்டு உள்ளே எதைத் தேடினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் ஆயில் மாற்றினார்கள். விளக்கு எரிந்தது. அப்புறம் சூடு காட்டும் சென்சார் கெட்டுவிட்டது என்று அதை மாற்றினார்கள். விளக்கு எரிந்தது. பிறகு டார்க் கன்வெர்ட்டரில் (என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்கப் (ஆயிலை நம்பாமல் இரண்டையும் நேரடியாக இணைக்கும் பூட்டு) பிடிக்கவில்லை, உள்ளே எல்லாம் கருகிவிட்டது, கியர்பாக்ஸை முழுதாக மாற்றுவதைத் தவிர வழியே இல்லை என்றார்கள். உங்கள் கம்பெனி மேல் இருந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டேன். ரீபில்டு கியர்பாக்ஸ், அதாவது பழையதைப் பிரித்துச் சரிசெய்த பெட்டி, வந்தது, பூட்டினார்கள், பணம் கட்டினேன். முதல் லோடிலேயே அதே ஏற்றத்தில் அதே விளக்கு எரிந்தது.

இதைச் சொல்லத்தான் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் என்னை முழுதாகப் பேசவிடவில்லை. “பழைய வண்டி சார், சூடாகத்தான் செய்யும். புது வண்டி மாதிரி எதிர்பார்த்தா எப்படி?” என்றார். கியர்பாக்ஸை இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள் என்றேன். “அப்போ நீங்க ஓட்டுற விதத்துலதான் தப்பு” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். மேலாளர் அவர்களே, தயவுசெய்து அதை நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். வாழ்நாளில் பாதியை ஸ்டீயரிங் பின்னால் கழித்தவன் நான். ஏற்றத்தில் எந்தக் கியரில் போக வேண்டும், எப்போது ஓவர்டிரைவை அணைக்க வேண்டும் என்று தெரியாமல் ஓட்டுகிறவன் இல்லை. வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் ஓட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரி ஏறும்போதும் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 115ஐத் தாண்டினால் ஆயில் வார்னிஷாகப் படிய ஆரம்பிக்கிறது. இன்னும் ஏறினால் சீல்கள் இறுகி ஒழுகும், கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகும். வண்டியைச் செய்தவர்கள் நீங்கள், இது உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ‘சூடாகத்தான் செய்யும்’ என்று உங்கள் ஆள் சொல்லலாமா?

கடைசியில் வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதையெல்லாம் கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் நீங்கள் செய்திருக்க வேண்டும். முதலில் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் சூடான நிலையில் டிப்ஸ்டிக் பார்த்தார். அளவு சரி. குறைந்தாலும் சூடாகும், கூடினாலும் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி, அதனாலும் சூடாகும் என்றார். ஆயிலில் பால் கலந்தது போன்ற நிறம் இருக்கிறதா என்றும் பார்த்தார், கூலன்ட் கலக்கவில்லை. அடுத்து சம்பின் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினார். சென்சார் சொல்வதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதாவது சூடு நிஜம், விளக்கு பொய் சொல்லவில்லை.

பிறகு சமதளத்தில் டாப் கியரில் ஒரே வேகத்தில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை எடுக்காமலே பிரேக் பெடலை லேசாகத் தொட்டார். என்ஜின் ஆர்பிஎம் சட்டென்று ஏறியது, காலை எடுத்ததும் இறங்கியது. பிரேக்கைத் தொட்டதும் லாக்கப் விடுபடுகிறது, காலை எடுத்ததும் மறுபடி பிடிக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இது புது கியர்பாக்ஸ், பழையதில் லாக்கப் போயிருந்தது என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டே என் கையில் இருக்கிறது. அதில் இருந்தது பி0218 ஒன்றுதான், ஆயில் சூடு எல்லை மீறியது என்று சொல்லும் கோளாறு எண். லாக்கப் வழுக்கினால் வரும் பி0741 அதில் இல்லை. சென்சார் கோளாறுக்கு வரும் பி0711ம் இல்லை. சென்சாரை எதற்கு மாற்றினீர்கள்? லாக்கப் போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

அவர் கடைசியாகப் பார்த்தது கூலர், அதாவது கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கும் பாகம். கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் பிடித்து, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டார். அரை நிமிடத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு வர வேண்டுமாம். ஆனால் நூல் போலத்தான் ஒழுகியது, அவ்வளவுதான். கூலருக்குள் போகும் குழாய் கை வைக்க முடியாத சூடு, திரும்பும் குழாய் வெதுவெதுப்பு. உள்ளே அடைத்துக்கொண்டு, கொஞ்சம்தான் கசிந்து வருகிறது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இதே கூலரைப் பற்றி நான் உங்கள் அட்வைசரிடம் கேட்டேன். “என்ஜின் சூடு நார்மலா இருக்கு, அப்போ ரேடியேட்டர் நல்லா இருக்கு, கூலரும் நல்லாத்தான் இருக்கும்” என்றார். கியர் ஆயில் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருந்தாலும் அதன் வழி தனி. கூலன்ட் ஓடும் பாதை சுத்தமாக இருக்கும்போதே ஆயில் ஓடும் பாதை அடைத்திருக்கலாம். வெளியில் உள்ள மெக்கானிக்குக்குத் தெரிந்தது உங்கள் சொந்த சர்வீஸ் சென்டருக்குத் தெரியவில்லை.

ஏற்றத்தில் மட்டும் விளக்கு எரிந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது லாக்கப் பிடிக்காது. கன்வெர்ட்டருக்குள் ஆயில்தான் முழு விசையையும் கடத்துகிறது, வழுக்கல் முழுதும் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளக் கூலர்தான் முக்கிய வழி. சமதளத்தில் லாக்கப் பிடித்துவிட்டால் சூடு உண்டாவதே குறைவு, அடைத்த கூலரே சமாளித்துவிடும். நான் முதல் நாள் சொன்ன மூன்று விவரங்களை ஜாப் கார்டில் எழுதியிருந்தால் அன்றைக்கே இது பிடிபட்டிருக்கும்.

இன்னொன்று. கியர்பாக்ஸ் மாற்றிய பில்லில் கூலரை ஃபிளஷ் செய்ததாக, அதாவது உள்ளே கழுவிச் சுத்தம் செய்ததாக, ஒரு வரிகூட இல்லை. பழைய பெட்டியின் கிளட்ச் தூளும் உலோகத் துகளும் தேங்கியிருக்கும் கூலரில் ரீபில்டு பெட்டியை அப்படியே இணைத்திருக்கிறீர்கள். நான் பணம் கொடுத்த கியர்பாக்ஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. பழையது உண்மையில் கெட்டிருந்ததா என்பதும் தெரியாது.

‘டெஸ்ட்’ என்று காலையில் வரச்சொன்ன அந்த நாளையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என்ஜின் குளிர்ந்த நிலையில் வேண்டும் என்றதால் ஒரு லோடை விட்டுவிட்டு விடியும் முன்பே வந்தேன். மாலை வரை வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து, வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலில் ஓட்டிப் பார்த்தோம், சூடு ஏறவில்லை, பிரச்சினை இல்லை என்றார். லோடும் ஏற்றமும் இல்லாமல் நின்ற இடத்தில் ஓடினால் எப்படிச் சூடு ஏறும்? ஒரு முழு நாள் வருமானம் போனது. இந்த வண்டியை நம்பித்தான் என் குடும்பம் இருக்கிறது. இதனால் வாடிக்கையான லோடுகள் கைவிட்டுப் போய், என் தொழிலே அழிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சண்டை போடுவது என் நோக்கமில்லை. நியாயமாகத் தீர்த்துக் கொடுத்தால் இனியும் உங்களிடமே வருவேன். கூலரையும் அதன் குழாய்களையும் உங்கள் செலவில் மாற்றுங்கள். இப்போதுள்ள கியர்பாக்ஸின் சம்பைக் கழற்றி, காந்தத்திலும் ஃபில்டரிலும் என்ன சிக்கியிருக்கிறது என்று என் முன்னால் காட்டுங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு, உலோகச் சீவல் இருந்தால் பெட்டியை மாற்றித் தர வேண்டும், வாரன்ட்டியும் அன்றிலிருந்து தொடங்க வேண்டும். தேவையில்லாமல் மாற்றிய சென்சாருக்கும், கியர்பாக்ஸ் மாற்றியதற்கான கூலிக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். போனில் அப்படிப் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை நான் விடப்போவதில்லை.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போன் வேண்டாம், போனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்கடுத்து நுகர்வோர் நீதிமன்றம். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லா ஜாப் கார்டுகளும், ஆயில் ஒழுகுவதை எடுத்த வீடியோவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பி.கு.: என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய கியர்பாக்ஸைப் பிரிக்கவோ பழைய இரும்புக்குப் போடவோ கூடாது. அதைத் திறக்கும்போது நானும் என் மெக்கானிக்கும் கூட இருப்போம்.