டயர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்: சைஸை மாற்றும் முன் கணக்குப் போடுங்கள்

தமிழகத்தில் டயர், அலாய் வீல் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே ஜாக்கி வைத்து வீல் மாட்டும் தம்பிகளுக்கும் வணக்கம்.

சின்னக் கார் வைத்திருப்பவர்கள் முதல் செட் டயர் மொட்டையானதும் உங்களிடம்தான் வருகிறார்கள். “கொஞ்சம் பெருசா போடலாமா?” என்று கேட்கிறார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் எந்த சைஸ் என்பது பெரும்பாலும் உங்கள் வாய்ச்சொல்லில்தான் முடிவாகிறது. அதனால்தான் இதை ஆர்டிஓவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2018இல் வந்த ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். கீழ் வேரியண்டுகளுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்டுகளுக்கு 185/65 ஆர்15. (முதல் எண் டயரின் அகலம், மி.மீ.யில்; அடுத்தது பக்கச்சுவர், அதாவது சைடுவால், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; கடைசி எண் ரிம்மின் விட்டம், இன்ச்சில்.) டயரின் மொத்த உயரத்தைக் கணக்கிட்டால் முதலாவது 619.6 மி.மீ., இரண்டாவது 621.5. அகலம் 20 மி.மீ. கூடியும் உயரத்தில் 2 மி.மீ.கூட வித்தியாசமில்லை. கம்பெனி கணக்குப் போட்டுத்தான் மாற்றியிருக்கிறது. அதே காரில் 205/65 ஆர்15 போட்டால் உயரம் 647.5 மி.மீ. ஆகிவிடும், அதாவது 4 சதவீதத்துக்கும் மேல் அதிகம். மீட்டர் பழையபடி 100 காட்டும்போது கார் முன்பைவிட 4 கி.மீ. கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரத்தையும் மீட்டர் குறைத்தே எண்ணும். “டயர் மாத்தினதும் மைலேஜ் விழுந்துடுச்சு” என்று உங்களிடம் வந்து சண்டை போடுகிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் தங்கை காருக்கு ஒரு கடையில் இந்த சைஸைத்தான் மாட்டினார்கள். தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. ஐந்து பேர் ஏறி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உள்பக்க மட்கார்டில் உரசியது. கேட்டதற்கு “ஓட ஓட சரியாயிடும்” என்றார்கள். வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்லவே கூடாது.

14 இன்ச் ரிம்மை மாற்றாமலே 185/70 ஆர்14 போடலாம். உயரம் 614.6 மி.மீ., ஒரு சதவீதம்கூடக் குறையாது. 5 இன்ச் அகல ரிம்மில் ஒழுங்காக உட்காரும். அலாய் விற்றால்தான் கையில் நாலு காசு நிற்கும் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இந்த வழியை முதலில் சொல்லுங்கள்.

அலாய்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு, நாலு ஓட்டை பொருந்தினால் போதும் என்று மாட்டிவிடாதீர்கள். ஸ்விஃப்டுக்கும் ஹூண்டாய் கிராண்ட் ஐ10க்கும் பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு) ஒன்றுதான், 4×100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நாலு ஓட்டை. ஆனால் நட்டின் மரை இடைவெளி வேறு: சுஸுகிக்கு 1.25 மி.மீ., ஹூண்டாய்க்கு 1.5. மாற்றிப் போட்டு ஏர் கன்னில் இறுக்கினால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் போல்ட்டின்) மரை போய்விடும். வீலின் நடு ஓட்டை உட்காரும் ஸ்விஃப்ட் ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. வெளி மார்க்கெட் அலாய்களில் நடு ஓட்டை இதைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். இடைவெளிக்கு ரிங் போடாவிட்டால் வீல் நடுவில் உட்காராமல் போகலாம். அப்புறம் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டியரிங் ஆடும். ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கிறது என்ற அளவு) சேராத வீலுக்கு, ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் தகடு வைத்துச் சமாளிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

16 இன்ச் கேட்பவருக்கு 195/55 ஆர்16 உயரத்தில் சரியாக வரும், 620.9 மி.மீ. ஆனால் 14 இன்ச் டயரில் 132 மி.மீ. இருந்த சைடுவால் 107 ஆகச் சுருங்கிவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு சென்னை ரோட்டுப் பள்ளத்தில் இறங்கினால் டயர் வீங்குவதும் ரிம் நெளிவதும் இதனால்தான். தேங்கிய தண்ணீரில் அகல டயர் குறைந்த வேகத்திலேயே பிடியை விட்டு மிதக்கத் தொடங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சைஸுக்குப் பின்னால் வரும் லோடு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 79 என்றால் 437தான். விலை குறைவு என்று கம்பெனி கொடுத்ததைவிடக் கீழான எண்ணை மாட்டாதீர்கள். குடும்பமும் லக்கேஜுமாக ஊருக்குப் போகும் கார் அது.

பில்லில் ‘டயர் – 4’ என்று மட்டும் எழுதாமல் சைஸ், லோடு எண், தயாரித்த வாரம், வருடம் எல்லாம் எழுதிக் கொடுங்கள். சைஸ் மாறியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி பழைய சைஸ் என்பதையும், பஞ்சரானால் அதைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம் என்பதையும் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்