ராலே கூடைப்பந்து ரசிகர் வட்டம்: 2024ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. கேரி, மோரிஸ்வில் பக்கமிருந்து புதுக் குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகளின் சனிக்கிழமைப் பயிற்சி கோடை விடுமுறை தவிர மற்ற மாதங்களில் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மைத் தூங்கவிடாமல் செய்தது நம் ராலே நகரின் பல்கலைக்கழக அணியான என்.சி. ஸ்டேட் (நார்த் கரோலினா ஸ்டேட்). தாங்கள் சேர்ந்திருக்கும் கல்லூரிக் கூட்டமைப்பான ஏ.சி.சி.யின் போட்டிக்குப் பத்தாவது இடத்தில் போனவர்கள், ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையோடு திரும்பினார்கள். 1987க்குப் பிறகு அதுதான் முதல் ஏ.சி.சி. பட்டம். அப்புறம் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து பர்டூவிடம் தோற்றார்கள். அந்தக் கட்டத்துக்கு 1983க்குப் பிறகு போனதே இல்லை. பெண்கள் அணியும் அதே ஆண்டு கடைசி நான்குக்குள் வந்தது என்பதை நம்மில் பலர் சொல்ல மறக்கிறோம். அதையும் பதிவு செய்கிறேன்.

1983, 1987 இரண்டுமே ஜிம் வல்வானோ கோச்சாக இருந்த காலம். பழைய பேச்சு தானாகவே கிளம்பிவிட்டது. சரி என்று ஏப்ரல் கூட்டத்தை அவருக்கும் அவருடைய 1983 அணி வீரர்களுக்கும் ஒதுக்கினோம்.

அன்று 1983 தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தோம். ஆட்டம் ஏன் இப்படி ஊர்கிறது என்று இளையவர்கள் கேட்டார்கள். அப்போது தேசியப் போட்டியில் இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்னும் ஷாட் கிளாக்கும் கிடையாது, தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடும் கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். எதிரே ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் ஆடிய ஹூஸ்டன். பாய்ந்து பாய்ந்து டங்க் அடிப்பதற்கே, அதாவது பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணிப்பதற்கே, பேர்போன அந்த அணி, இரண்டாம் பாதியில் முன்னிலைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அங்கேதான் வல்வானோவுக்கு வழி திறந்தது என்பது நம் மூத்த உறுப்பினர்களின் கட்சி. வேண்டுமென்றே ஃபவுல் செய்யச் சொன்னார். ஃபவுலுக்கு ஈடாகத் தடையில்லாமல் எறியக் கிடைப்பது ஃப்ரீ த்ரோ; முதலாவது தவறினால் இரண்டாவது கிடைக்காத விதி அது. ஹூஸ்டனோ ஃப்ரீ த்ரோவில் சுமார். ஆட்டம் 52க்கு 52 என்று சமமானது. கடைசி நொடிகளில் என்.சி. ஸ்டேட்டின் விட்டன்பர்க் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. அடியில் நின்ற லொரென்சோ சார்லஸ் அதைப் பிடித்து அப்படியே உள்ளே திணித்தார். 54–52. கட்டிப்பிடிக்க ஆள் தேடி வல்வானோ ஓடும் அந்த ஓட்டத்தை மூன்று முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். அது எறிதல் இல்லை, பாஸ்தான் என்று விட்டன்பர்க் விளையாட்டாகச் சொல்லிவருவதும் அன்று மறுபடி விவாதத்துக்கு வந்தது. தீர்ப்பு வழங்கப்படவில்லை.

எண்பதுகளில் இங்கே படிக்க வந்த உறுப்பினர் ஒருவர், கடைசி டங்கை மட்டும் பேசுவது அநியாயம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. விட்டன்பர்க்குக் கால் எலும்பு முறிந்து பல ஆட்டங்கள் போயின. சீசனில் மொத்தம் பத்துத் தோல்விகள். ஜோர்டன் ஆடிய நார்த் கரோலினாவைக் கூடுதல் நேரத்திலும், சாம்ப்சன் ஆடிய வர்ஜீனியாவை மூன்று புள்ளியிலும் வென்றுதான் ஏ.சி.சி. பட்டம் வந்தது. தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே பெப்பர்டைனிடம் போக இருந்ததை இரண்டு கூடுதல் நேரம் ஆடி 69–67 என்று மீட்டார்கள். இப்படிப்பட்ட அணிக்குத்தான், பட்டம் வென்றபின் வளையத்தின் வலையை அறுத்தெடுப்பதைக்கூட வல்வானோ முன்கூட்டியே ஒத்திகை வைத்திருக்கிறார்! வலை அறுக்கும் பழக்கத்தை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவர் இதே கல்லூரியின் பழைய கோச் எவரெட் கேஸ். ஆக, மண்ணின் மரபுதான்.

மனத்தாங்கலும் நடந்தது. வீரர்கள் இலவச டிக்கெட்டையும் ஷூவையும் விற்றதற்காக 1989இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தண்டனை விதித்தது, வீரர்களின் படிப்பு பற்றிக் கேள்விகள் எழுந்தன, 1990இல் வல்வானோ பதவி விலக நேர்ந்தது. இதை நினைவுக் கூட்டத்தில் பேசலாமா என்று ஒருவர் வருத்தப்பட்டார். பேசியதை விட்டுவிட்டுக் குறிப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. கோச்சின் பொறுப்பு வளையத்தோடு முடிவதில்லை என்று சொன்னவரும் அவருடைய பரம ரசிகர்தான்.

1992இல் வல்வானோவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1993 பிப்ரவரியில், பட்டத்தின் பத்தாம் ஆண்டுக்காகக் கல்லூரியின் ரெனால்ட்ஸ் அரங்கத்துக்கு வந்து பேசினார். மார்ச்சில் நியூயார்க்கில் விருது மேடையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அறக்கட்டளையை அறிவித்தார். ஏப்ரல் 28 அன்று 47 வயதில் மறைந்தார். அன்றைய கூட்டத்தில் உண்டியலில் சேர்ந்ததை அந்த அறக்கட்டளைக்கே அனுப்பினோம்.

அக்டோபரில் சிலர் வல்வானோ அடக்கமான ஓக்வுட் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தோம். 2011இல் பேருந்து விபத்தில் இறந்த லொரென்சோ சார்லஸும் அங்கேதான் இருக்கிறார்.

வரும் ஆண்டில் 1974இல் தேசியப் பட்டம் வென்ற, டேவிட் தாம்ப்சன் ஆடிய என்.சி. ஸ்டேட் அணிக்கு ஒரு கூட்டம் வைக்கலாம் என்று யோசனை. பழைய டிக்கெட், நாளிதழ் வைத்திருப்பவர்கள் எடுத்துவாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். சாப்பாடு ஏற்பாடு செய்த குடும்பங்களுக்கு நன்றி.

– செயலாளர்