10 இருக்கும்போது ஏன் 9-ஆல் வகுக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளிடம், 10 மதிப்புகள் கொண்ட மாதிரியின் பரவற்படிக்கு, அதாவது மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவுக்கு, விலகல்களின் வர்க்கக் கூடுதலை ஏன் 9-ஆல் வகுக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரம் அப்படித்தான் என்று பலர் சொல்வார்கள். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சராசரியையும் அதே 10 மதிப்புகளிலிருந்துதான் எடுத்தோம், அதனால் ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து விலகும் அளவுகளின், அதாவது விலகல்களின், கூட்டுத்தொகை பூஜ்யமாகியே தீரும், 9 விலகல்கள் தெரிந்தால் பத்தாவது தானாக வந்து விழும். அதோடு உண்மையான சராசரியிலிருந்து எடுப்பதைவிட விலகல்களின் வர்க்கக் கூடுதல் குறைவாகத்தான் வரும், அதைச் சரிக்கட்டவே 9. நேரியல் இயற்கணிதம் படித்தவருக்கு இது 10-க்குப் பதில் 9 பரிமாணம் கொண்ட வெளி, அவ்வளவுதான். ஆனால் நேரியல் இயற்கணிதத்தை ஒரு பருவத்திலும் பரவற்படியை வேறொரு பருவத்திலும் நடத்திவிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், வரைபடம். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். சராசரி, பரவற்படி, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்) எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி மொத்தக் கோட்டையும் இழுத்துப் போகிறது! இதை முதல் வாரத்திலேயே காட்டினால் என்ன?

வகுத்துத் தரக் கணினி இருக்கிறது. தேர்வில் விடை கேட்பதைக் குறைத்து, காரணம் கேட்கும் கேள்விகளைக் கூட்டுங்கள். பாடத்திட்டத்தை மாற்றாமலேயே செய்யக்கூடியதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்