கேட்டு முடிக்கும் முன்பே பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி நம் பேச்சையும் உறவையும் எப்படிக் கெடுக்கிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதிரில் இருப்பவர் பேசும்போது நம் கண் திரைக்குப் போகிறது, அதைப் பார்த்து அவர் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார், ஆகவே சாப்பிடும் நேரத்திலாவது கைபேசியைத் தள்ளிவைக்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருகிறவர்களிலும் பாதிப் பேர் அடுத்தவரைப் பேசி முடிக்க விடுவதில்லை. நோய் கைபேசியைவிடப் பழையது.

1984-இல் பெக்மன், ஃப்ராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மருத்துவரிடம் வரும் நோயாளிகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். என்ன தொந்தரவு என்று நோயாளி சொல்லத் தொடங்கி சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று தெரியவந்தது. கால்வாசிப் பேர்கூடச் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. அன்றைக்கு யார் சட்டைப்பையிலும் திரை கிடையாது. குறுக்கிட்டவர்களைக் கேட்டால், நேரமில்லை, விட்டால் பேசிக்கொண்டே போவார்கள் என்பார்கள். நாம் எல்லோருமே சொல்லும் சமாதானம்தான். 2002-இல் சுவிட்சர்லாந்தில் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளி தானாக நிறுத்தும்வரை வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு, மறைவாக நேரத்தைக் குறித்தார்கள். 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். சராசரி 92 விநாடி. ஒன்றரை நிமிடம்தான். அதைக் கொடுக்க முடியாமல்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம்.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். பொதுவாக அது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு சொல்லை மனத்தில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அதைப்போல மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். அப்படியென்றால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். மனிதப் பேச்சின் இயல்பே அது. ஆனாலும் நேரில் பேசும்போது ஒரு தடை இருந்தது. எதிரில் ஒரு முகம் இருந்தது. அது வாடினால் தெரியும், உதடு துடித்தால் தெரியும், கட்டிவைத்த பதிலை விழுங்கிக்கொள்வோம்.

சமூக ஊடகம் எடுத்துப்போட்டது அந்த முகத்தைத்தான். எதைப் படித்தாலும் அடியில் ஒரு பெட்டி, ஏதாவது எழுது என்று காத்திருக்கிறது. எழுத வாய்க்காதவர்களுக்காக 2009-இல் ஃபேஸ்புக் விருப்பக்குறியைக் கொண்டுவந்தது. 2016-இல் அது ஆறு முகபாவங்களாக ஆனது. ஒருவர் வேலை போன செய்தியை எழுதுகிறார். அழும் பொம்மையைத் தொட்டுவிட்டு விரல் கீழே போய்விடுகிறது. தொட்டவருக்கு ஆறுதல் சொல்லிவிட்ட நிறைவு. எழுதியவருக்கு நூற்றுச் சொச்சம் அழும் பொம்மைகள். 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

எனக்கு இதைவிட உறுத்துவது இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021-இல் வந்தது. அலுவலகச் செய்திக்கு நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண் தன் தாயின் கடைசி நாட்களைப் பற்றித் தோழிக்கு அனுப்பிய பதிவை, அந்தத் தோழி இரண்டு மடங்கில் ஓடவிட்டுக் கேட்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொண்டை அடைத்து அவர் நிறுத்திய இடங்கள் எல்லாம் ஒரு விக்கல் மாதிரிக் கடந்துபோயின. பெருமூச்சு வெறும் இரைச்சலாகக் கேட்டது. அம்மா எப்போது இறந்தார், எங்கே காரியம் என்ற தகவல் முழுசாக வந்து சேர்ந்தது. அந்தப் பெண் சொல்லவந்தது மட்டும் வரவில்லை. கேட்டவர் நல்ல மனுஷிதான். உடனே இரண்டு வரி இரங்கலும் அனுப்பினார்.

நான் தொலைபேசி வழியாக மனத்துயர் கேட்கும் சேவை ஒன்றில் தன்னார்வலர். எங்கள் பயிற்சியில் முதலில் உடைத்துப்போடுவது, 'எனக்கும் அப்படித்தான்' என்ற வாக்கியத்தை. சார்ல்ஸ் டெர்பர் என்ற சமூகவியலாளர் 1979-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 'ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது' என்று ஒருவர் சொன்னால், 'எவ்வளவு நாளா?' என்று கேட்பது ஒரு வகை. 'எனக்கும்தான், நேத்து மூணு மணி ஆச்சு' என்பது இன்னொரு வகை. முதல் பதிலில் பேச்சு சொன்னவரிடமே இருக்கிறது. இரண்டாவதில் நம் பக்கம் வந்துவிடுகிறது, பிறகு திரும்பிப் போவதில்லை. பின்னூட்டங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒருவர் துக்கத்தின் அடியில் இருபது பேர் தங்கள் புராணத்தைப் பாடியிருப்பார்கள். எல்லாம் அன்பினால்தான், அதனால்தான் கண்டிக்கவும் முடியவில்லை.

அழைப்பவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் உண்மையான விஷயமாக இருப்பதில்லை. வேலைப்பளு என்பார்கள், தலைவலி என்பார்கள். 'அவ்வளவுதாங்க, வேற ஒண்ணுமில்ல, வெச்சிடறேன்' என்பார்கள். அந்த இடத்தில் நாம் அவசரமாக ஒரு ஆறுதலை நீட்டினால் அழைப்பு அதோடு முடிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் 'ம்' என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தால், சில நேரம் அரை நிமிட அமைதிக்குப் பிறகு, சொல்லத்தான் அழைத்த சங்கதி வெளியே வரும். கதவுப் பிடியில் கை வைத்தபடி, 'அப்புறம் டாக்டர், ஒண்ணு கேக்கணும்' என்று நோயாளிகள் திரும்பி நிற்பார்களே, அதேதான். அந்த அரை நிமிட அமைதிக்கு எந்தச் செயலியிலும் இடமில்லை. 'டைப் செய்கிறார்' என்று காட்டும், 'காத்திருக்கிறார்' என்று காட்டாது.

இந்த மாதிரிச் சேவைகளுக்கெல்லாம் முன்னோடி, சாட் வாரா என்ற பாதிரியார் 1953-இல் லண்டனில் தொடங்கியது. தற்கொலை எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு அவரே ஆலோசனை சொல்வதாகத்தான் ஏற்பாடு. வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக உட்கார சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் ஒன்று புலப்பட்டது. வெளியே இவர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் மனம் லேசாகிக் கிளம்பிப் போனார்கள். மறு ஆண்டே அவர் அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். தம் உபதேசத்தைவிட அவர்கள் காது பெரியது என்று ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும்.

இதை ஒரு வித்தையாகச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. தலையை ஆட்டுங்கள், அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள், 'உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது' என்று சொல்லுங்கள் என்கிறார்கள். கிளிப்பிள்ளை போல இதைச் செய்கிறவரிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம், அது நடிக்காது. இந்த முறைக்கு ஆதாரமான உளவியலாளர் கார்ல் ராஜர்ஸே, 1957-இல் ரிச்சர்ட் ஃபார்சன் என்பவரோடு சேர்ந்து எழுதியபோது, அடிமனத்தில் அடுத்தவர்மேல் மதிப்பு இல்லாமல் இதை வெறும் உத்தியாகக் கையாண்டால் பலிக்காது என்று எச்சரித்துவிட்டுத்தான் மேலே போனார். அந்த எச்சரிக்கை காணொளிகளில் விட்டுப்போயிற்று.

திரையில் செய்யக்கூடியதும் சில உண்டு. படித்து முடிக்காமல் பகிராதிருப்பது ஒன்று. 2020-இல் ட்விட்டர், திறந்தே பார்க்காத கட்டுரையைப் பகிரப் போகிறவரிடம் 'முதலில் படிக்கலாமே' என்று கேட்டுப் பார்த்தது. அந்த ஒரு கேள்விக்கே திறந்து படித்தவர்கள் கூடினார்கள். ஆக, மனிதர்கள் திருந்தாதவர்கள் இல்லை. மற்றபடி துக்கச் செய்திக்குப் பொதுவில் எழுதுவதைவிட தனியாக ஒரு வரி, அதைவிட ஒரு அழைப்பு. 'சும்மா கேக்கட்டுமா, இல்ல ஏதாவது வழி சொல்லணுமா?' என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் பாதி மனத்தாங்கல் குறையும்.

ஒரு விஷயத்தில் கேட்பதன் புகழ் பாடுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை. எப்போதும் எல்லோரையும் கேள் என்பது அநியாயம். பெரும்பாலும் வீட்டுக்கு ஒருவர் மாட்டிக்கொள்கிறார். எல்லோரும் தங்கள் பாரத்தை அவரிடம் இறக்கிவிட்டுப் போவார்கள். அவர் வாய் திறந்தால் மட்டும் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். எங்கள் சேவையிலேயே ஒரு முறைக்கு இத்தனை மணி நேரத்துக்குமேல் யாரையும் உட்கார வைப்பதில்லை. கடினமான அழைப்புக்குப் பிறகு நாங்கள் பேச, எங்களைக் கேட்க இன்னொருவர் இருப்பார். வீட்டில் அந்த ஏற்பாடு கிடையாது. 'இப்போ முடியல, சாயங்காலம் முழுசாக் கேக்கறேன்' என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் கேட்பது, பாதிக் காதோடு ஊம் கொட்டுவதைவிட மரியாதையானது. வெறுப்பைக் கக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் கணக்குகளுக்குக் காது கொடுக்க வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை. துண்டித்துவிட்டுப் போகலாம்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். ராஜர்ஸ் 1951-இல் ஓர் உரையில் ஒரு விதியை முன்வைத்தார். வாக்குவாதத்தில் யாரும் தன் கட்சியைப் பேசுவதற்கு முன், எதிராளி சொன்னதை அவரே 'ஆமாம், அதுதான் நான் சொன்னது' என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். தங்கள் கடிதப் பகுதியில் ஆறு மாதத்துக்கு இதை வைத்துப் பார்க்கலாமே? மறுத்து எழுதுகிறவர்கள் முதல் இரண்டு வரியில் மூலக் கட்டுரை என்ன சொன்னது என்று எழுதட்டும். அதைக் கட்டுரையாளரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் அச்சிடுங்கள். கடிதங்கள் குறையும் என்று பயப்பட வேண்டாம், வருகிற கோபக் கடிதங்களில் பாதி அந்த இரண்டு வரியிலேயே அடங்கிவிடும். என் முதல் பத்தி அந்த விதிக்கு உட்பட்டதா என்று சென்ற இதழ்க் கட்டுரையாளரிடம் கேட்டுவிட்டே இதை வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், அந்த 92 விநாடியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி