அந்த ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் 19 ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். எங்கள் வேலைக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதில் உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க ஓட்டமும் துணிச்சலும்தான். அவர் இதற்கு முன் எக்ஸ்ரேகூட இல்லாத சிறிய சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பது ஒரே வரியில் போய்விட்டது. எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது.

அப்படி ஓர் இடத்திலிருந்து வந்த டாக்டருடன் நானும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நைட் ஷிப்டில், 70 வயதை நெருங்கிய அம்மா ஒருவரை மகன் கூட்டிவந்தார். வயிற்றில் எரிச்சல், குமட்டல், அவ்வளவுதான். வாயுத் தொல்லை என்று நினைத்து, பிபி பார்த்துவிட்டு ஓரமாக உட்காரவைத்தேன். வேறொரு நோயாளியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த டாக்டர் அப்படியே நின்றார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அந்த அம்மாவின் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு கை தாடையைத் தடவிக்கொண்டே இருந்தது. டாக்டர் அவர் முன்னால் குனிந்து, "சர்க்கரை இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்குய்யா, ரொம்ப வருஷமா." உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். மாரடைப்பு.

சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்தச் சந்தேகம் இருந்தால், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் சந்தேகம் வர வேண்டுமே! அது அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அப்புறம் ஒருநாள் கேட்டேன். "அங்கே என்கிட்ட மெஷின் கிடையாது சிஸ்டர். ஆளைத்தான் பார்க்கணும்" என்றார்.

இந்தத் துறையே அப்படி வேறு இடத்திலிருந்து வந்தவர்களால்தான் பிறந்தது. முன்பெல்லாம் அவசரப் பிரிவுக்கென்று தனி டாக்டர் கிடையாது. அன்றைக்கு யார் டியூட்டியோ அவர் பார்ப்பார், எந்தத் துறைக்காரராக இருந்தாலும் சரி. 1961-இல் அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற பொது மருத்துவர், இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, இதை மட்டுமே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். அதே நாட்டின் சின்சினாட்டி நகரில் இதற்கென்று டாக்டர்களுக்குத் தனிப் பயிற்சி தொடங்கியது 1970-இல். அமெரிக்காவில் தனித் துறையாக அங்கீகாரம் கிடைத்தது 1979-இல்தான். ஆக, முதல் தலைமுறை மொத்தமும் வேறு வேலையில் கை பழகி வந்தவர்கள். இதில் 'முன்பு எங்கே இருந்தீர்கள்' என்பது சாதாரணக் கேள்வியே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் எல்லோரும் ஸ்ட்ரெச்சரைச் சூழ்ந்துகொள்வார்கள், கூட வந்த ஊழியர் சொல்வது யார் காதிலும் விழாது. என்னோடு வேலை பார்த்த அந்த டாக்டர் இருந்தால் அது நடக்காது. நாடித்துடிப்பு இருக்கிறது, மூச்சு ஓடுகிறது என்றால், அரை நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்த ஊழியர் பேசுவதைக் கேட்க வேண்டும். எங்கே கிடந்தார், எப்போது நினைவு தப்பியது, பக்கத்தில் என்ன மாத்திரை இருந்தது என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தானே தெரியும்.

காப்பாற்ற முடியாமல் போன இரவுகளும் உண்டு. வாசலில் நின்றபடி "எங்களால் முடிந்ததைச் செய்தோம்" என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்ட வீட்டார் ஆள் பிழைத்துவிட்டாரா இல்லையா என்று புரியாமல் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் அவர்களைத் தனி அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைப்பார், தானும் உட்காருவார். "இறந்துட்டாங்க" என்று சொல்வார். சுற்றி வளைக்க மாட்டார். அதற்கப்புறம் அவர்களாக ஏதாவது கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

உங்கள் நிருபர் அந்த மருத்துவரை மறுபடி சந்தித்தால், எத்தனை உயிரைக் காப்பாற்றினீர்கள் என்ற கேள்வியை விட்டுவிடட்டும். அந்தச் சுகாதார நிலையத்தில் முதல் வருடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை முழுசாகப் போடுங்கள். இப்போது பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்